திரும்பி வந்த குப்பை

"பேயை ஓட்டணும்னா பாதிரியாரைக் கூப்பிடணும். நம்மள எதுக்குக் கூப்பிட்டாங்க, பாஸ்?"

திக்கோய் மோட்டார் சைக்கிளை நிறுத்துவதற்குள் டெல்ஃபா பின் இருக்கையிலிருந்து குதித்துவிட்டாள். ஹெல்மெட்டைக் கழற்றி அவன் மடியில் எறிந்தாள்.

"பாதிரியார் பேயை ஓட்டுவார். அலமாரியைத் தூக்கி வெச்சது யாருன்னு சொல்லமாட்டார். நட."

மே மாத வெயில் சான் தெல்மோ தொடக்கப் பள்ளியின் தகரக் கூரையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. கோடை விடுமுறையின் கடைசி வாரம். ஊர்ப் பெற்றோர் எல்லாரும் திரண்டு வந்து பள்ளியைப் பெருக்கிக் கழுவி வண்ணம் அடிக்கும் வாரம். அப்பாக்கள் மரத்தில் ஏறிக் கிளை வெட்டினார்கள். அம்மாக்கள் பெரிய வாணலியில் வாழைப்பழத்தைச் சர்க்கரை போட்டுப் பொரித்தார்கள். யாரோ கொண்டுவந்திருந்த ஒலிபெருக்கியில் ஒரு காதல் பாட்டு ஊரைக் கூட்டியது. கடைசி வரிசைக் கட்டடத்தின் மூன்றாவது அறை வாசலில் மட்டும் ஆள் இல்லை.

டெல்ஃபா கபாங்கோன் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காகப் பல வருடம் பொய்த் தீ விபத்துகளையும், சாகாமலே செத்துப்போனவர்களையும் தேடிப் பிடித்துக் கொடுத்தவள். இப்போது சொந்தத் தொழில். அவளுக்கு ஒரே இடத்தில் நிற்க வராது. திக்கோய் உள்ளூர் வானொலியில் அறிவிப்பாளராக இருந்தவன். மேயரின் தலைமுடி அசலா என்று நேரலையில் கேட்டதிலிருந்து டெல்ஃபாவின் உதவியாளன்.

மூன்றாவது அறை வாசலில் ஒரு இளம் ஆசிரியை கையில் ஈர்க்குமாற்றோடு நின்றாள். பெயர் ஜெனலின். அவர்களைக் கூப்பிட்டது அவள்தான். பெருக்கவில்லை. ஈர்க்குச்சிகளை ஒவ்வொன்றாக உருவிக் கீழே போட்டுக்கொண்டிருந்தாள்.

"நாலு நாளா தூங்காதவங்க மாதிரி இருக்கீங்களே மேம்," என்றான் திக்கோய்.

"தூங்கல. நீங்களே பாருங்க."

உள்ளே போனார்கள். முன்பக்கம் காலியாக, சுத்தமாக இருந்தது. பின்பக்கம் கிடங்கு. காலுடைந்த நாற்காலிகள், ஓட்டை விழுந்த உலக உருண்டை, துருப்பிடித்த இரும்பு அலமாரி, பழைய செய்தித்தாளைக் கூழாக்கிப் பிள்ளைகள் செய்த எரிமலைகள். எரிமலைகள் மட்டுமே ஒரு தீவுக் கூட்டத்துக்குக் காணும்.

"மேம் ஓர்ஃபெலினா ரிட்டையர் ஆகி எனக்கு இந்த ரூமைக் குடுத்தாங்க," என்றாள் ஜெனலின். "அவங்க எதையுமே தூக்கி எறியமாட்டாங்களாம். நான் எல்லாத்தையும் வெளிய தள்ளினேன். பின்னாடி சுவர் ஓரமா பாய் விரிச்சு, புத்தகம் அடுக்கி, பிள்ளைங்க சாஞ்சு உக்காந்து படிக்கிற மாதிரி ஒரு மூலை பண்ணணும்னு ஆசை. ஆனா நான் பகல்ல வெளிய போடறது, மறுநாள் காலைல உள்ள இருக்கு. பூட்டு பூட்டினபடி இருக்கு."

"யார்கிட்ட சாவி?"

"ஊருக்கே சாவி இருக்கும். பூட்டு அவ்ளோ பழசு."

"ஊரு என்ன சொல்லுது?"

"வெளிய நிக்கிற மரத்துல இருக்கிறது கோபமா இருக்காம். ஒரு அம்மாவும் இந்த ரூமுக்கு உதவிக்கு வரமாட்டேங்கறாங்க. ரெண்டு பேர் பிள்ளையை வேற வகுப்புக்கு மாத்தக் கேட்டுட்டாங்க. இது என் முதல் வேலை, மேம். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ராசியில்லாதவ ஆயிட்டேன்."

அவள் குரல் உடைந்தது. டெல்ஃபா அதைக் கவனிக்காதவள்போல அறையைச் சுற்றத் தொடங்கினாள். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. ஜன்னல் கண்ணாடிப் பட்டைகளைத் திறந்தாள், மூடினாள்.

"வெளிய போட்டதுல திரும்பி வராதது ஏதாவது இருக்கா?"

ஜெனலின் விழித்தாள். "வராததா? அதை நான் பாக்கவே இல்லையே."

"வந்ததை எல்லாரும் பாத்துட்டாங்க. வாங்க."

பின்புறம் மரத்தடியில் பழைய இரும்புக்காரன் வருகைக்காக ஒரு குவியல் கிடந்தது. டெல்ஃபா குனிந்து கிளறினாள். மேம் ஓர்ஃபெலினாவின் பதக்கங்கள். வருடா வருடம் எடுத்த வகுப்புப் புகைப்படங்கள், ஈரத்தில் ஒட்டிப்போய். பிள்ளைகள் கிரேயானில் வரைந்து கொடுத்த பிறந்தநாள் அட்டைகள். நன்றாக ஓடக்கூடிய ஒரு சின்ன மின்விசிறி.

"இதெல்லாம் இங்கயே கிடக்கு," என்றாள் டெல்ஃபா. "மூணு கால் நாற்காலி மட்டும் உள்ள போயிடுச்சு."

"என் பழைய காதலியும் இப்படித்தான் பாஸ். என் போட்டோவை எறிஞ்சுட்டா. ரைஸ் குக்கரை விடல."

"ரைஸ் குக்கர் உபயோகப்படும். உடைஞ்ச நாற்காலி?"

"அதுவும் நியாயம்தான்."

"அப்ப இது ஆசை இல்ல திக்கோய். ஆசைப்பட்டவங்க போட்டோவை எடுப்பாங்க. திருட்டும் இல்ல. திருடன் விசிறியை எடுப்பான். யாரோ குப்பையில இருந்து நல்லதை ஒதுக்கிட்டு, பெருசா இடத்தை அடைக்கிறதை மட்டும் பொறுக்கியிருக்காங்க."

சொன்னவள் ஓட்டமாக உள்ளே திரும்பினாள். அறை நடுவில் குப்புறப் படுத்தாள். ஜெனலின் பதறிப்போய்த் திக்கோயைப் பார்த்தாள்.

"பயப்படாதீங்க. யோசிக்கிறாங்க," என்றான் அவன்.

"இந்த இரும்பு அலமாரியை நேத்து எங்க வெச்சீங்க?" தரையிலிருந்து குரல் வந்தது.

"கதவுகிட்ட. நாலு ஆம்பளைங்க இழுத்தாங்க. தரை கீறி, பாருங்க, இந்தக் கோடு."

"சரி. அது கதவுகிட்ட போன கோடு. திரும்பி வந்த கோடு எங்க?"

இல்லை. சிவப்பு மெழுகு பூசித் தேங்காய் மட்டையால் தேய்த்த தரையில் ஒரே ஒரு கீறல்தான். டெல்ஃபா தவழ்ந்துபோய் அலமாரியின் காலடியில் விரலை விட்டாள். ஒரு துணிக் கிழிசலை உருவினாள். மாவு மூட்டைத் துணி. அடியில் சிவப்பு மெழுகு அப்பியிருந்தது.

"நாலு காலுக்கும் அடியில துணியைச் சொருகி, மெழுகு மேல வழுக்கவிட்டுத் தள்ளியிருக்காங்க. இதுக்கு நாலு ஆம்பளை வேணாம். ஒரு ஆளே போதும்." அவள் எழுந்து முழங்காலைத் தட்டினாள். "களவா வந்து அலமாரியை நகர்த்துற ஆளு, தரை கீறக்கூடாதுன்னு பாத்துப் பாத்துச் செய்யறாரு. என்ன மாதிரி ஆளு?"

"மாமியார் வீட்டுக்கு வந்த மருமகன்," என்றான் திக்கோய்.

டெல்ஃபா சிரிக்கவில்லை. அவள் பார்வை அலமாரிக்குப் பின்னாலிருந்த தரையில் நின்றுவிட்டது. முன்பக்கத் தரை முழுக்க மேசைக் கால் தேய்த்த வெளிறிய தடம். பின்பக்கம் சுவர் ஓரமாக ஒரு அகலப் பட்டை மட்டும் புத்தம் புதிதாக மின்னியது. அங்கே எந்தக் காலத்திலும் ஒரு பிள்ளை மேசை போட்டு உட்காரவில்லை.

அந்த நேரம் வாசலில் வண்ண வாளிகள் தொப்பென்று இறங்கின.

"இன்னும் சுவரைக் காலி பண்ணலையா மேம்? எனக்கு வேற வேலை இல்லையா?"

வந்தவன் ரெமார். பெற்றோர் சங்கத் தலைவன். ஊரில் பாதிக் கட்டடம் அவன் ஒப்பந்தம். மேம் ஓர்ஃபெலினாவின் ஒரே மகன். பின்னால் ஏணியோடு ஒரு பெயிண்டர்.

"அம்மா குப்பையைச் சேத்தாங்க, மகன் பெயிண்ட் அடிக்கிறாரு. நல்ல குடும்பம்," என்றான் திக்கோய்.

"நீங்கதான் துப்பறியுறவங்களா?" ரெமார் சிரித்தான். வியர்வையைத் துடைத்த கை நிற்காமல் கழுத்தையே துடைத்துக்கொண்டிருந்தது. "பேயைப் பிடிச்சா சொல்லுங்க, ஒரு பிரஷ் குடுத்து வேலை வாங்குறேன்."

"இந்த வரிசையை யார் கட்டினது சார்?" என்றாள் டெல்ஃபா.

"நான்தான். என் முதல் வேலை."

"நல்லா இருக்கு."

பெயிண்டர் குப்பைக்கு இடையில் நுழைந்து ஏணியைப் பின் சுவரில் சாய்க்கப் போனான். ரெமார் பாய்ந்து பிடித்துக்கொண்டான்.

"டேய், அங்க சாய்க்காத! பெயிண்ட் உரியும்!"

பெயிண்டர் ஒன்றும் புரியாமல் ஏணியைத் தோளில் வைத்தபடி வெளியே போனான். ரெமாரும் யாரையோ அழைப்பதுபோலப் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு நகர்ந்தான்.

திக்கோய் டெல்ஃபாவின் காதருகே வந்தான். "பாஸ், இந்தச் சுவருக்கு இன்னும் பெயிண்டே அடிக்கல."

"கேட்டேன்."

"அப்ப இவன்தான். சுவத்துல ஏதோ இருக்கு. அதை மறைக்கக் குப்பையை உள்ள கொண்டாந்து வைக்கிறான்."

"குப்பையைக் காலி பண்ணச் சொல்றதும் இவன்தானே? இவனுக்குச் சுவர்ல பெயிண்ட் அடிக்கணும். இன்னொரு ஆளுக்குச் சுவர்கிட்ட யாரும் வரக்கூடாது. ஒரே சுவர், ரெண்டு ஆளு."

அவள் மறுபடி சுற்றத் தொடங்கினாள். மின்சாரம் போனது. ஒலிபெருக்கி பாதிப் பாட்டில் அடங்கியது. அறைக்குள் புழுக்கம் ஏறியது. ஜெனலின் கடைசி ஈர்க்குச்சிகளைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க தெருவுல இப்படித்தான்," என்று திக்கோய் முணுமுணுத்தான். "வீட்டு வாசல்ல வேற எவனும் கார் நிறுத்தக்கூடாதுன்னு உடைஞ்ச நாற்காலியைத் தூக்கிப் போட்டு வெச்சிருவாங்க. நான் ஒரு தடவை எடுத்து உக்காந்துட்டேன், அடிக்க வந்துட்டாங்க."

டெல்ஃபா நின்றாள். அன்று காலையிலிருந்து முதல் முறையாக அசையாமல் நின்றாள்.

"திக்கோய். நீ சாப்பிட்டியா?"

"இல்ல. ஏன்?"

"இப்பச் சாப்பிடப்போற. அங்க, சுவர் ஓரமா உக்காந்து. மெதுவா. நல்லா சாயற மாதிரி உக்காரு. ஆனா முதுகு சுவத்துல படக்கூடாது. புரியுதா?"

"புரியல. ஆனா சாப்பாடுன்னா சரி."

வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. மேம் ஓர்ஃபெலினா வந்தாள். மெலிந்த உடம்பு, இறுக்கிக் கட்டிய கொண்டை, கையில் தட்டு நிறைய வாழையிலையில் சுற்றிய அரிசிப் பண்டம். துப்புரவு தொடங்கியதிலிருந்து தினமும் இந்த நேரத்துக்கு அவள் பலகாரம் கொண்டுவருவதாக ஜெனலின் சொன்னாள்.

"சாப்பிடுங்க, சாப்பிடுங்க. வெயில்ல வேலை பாக்கறீங்க." அவள் கண் பேசியவர்கள் மேல் இல்லை. பின்பக்கம் குவியல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டது. "ஜெனலின், இன்னும் இதெல்லாம் அப்படியே கிடக்கா? விட்டுடுமா. முன்னாடி இடம் போதுமே. எனக்குப் போதுமா இருந்துச்சே."

"இல்ல மேம்," என்றாள் டெல்ஃபா. "இன்னைக்கு நாங்க எல்லாத்தையும் லாரில ஏத்திடறோம். இனிமே திரும்பி வராது. பிள்ளைங்க அங்க சாஞ்சு உக்காந்து படிக்கட்டும். எவ்வளவு நல்லா இருக்கும், பாருங்க."

திக்கோய் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து, எரிமலைகளைத் தாண்டிப் போய், சுவர் ஓரம் கால் நீட்டி உட்கார்ந்தான். இலையைப் பிரித்தான். "ஆகா, என்ன குளுமை! மேம், இப்படியே ஒரு தூக்கம் போடலாம்போல." முதுகைப் பின்னால் சாய்த்தான்.

தட்டு கீழே விழுந்தது.

அந்த வயதில் அவ்வளவு வேகம் யாரும் எதிர்பார்க்கவில்லை. ஓர்ஃபெலினா நாற்காலிகளை உதைத்துத் தள்ளிக்கொண்டு போய்த் திக்கோயின் காதைப் பிடித்துத் தூக்கினாள்.

"எந்திரி! சாயாதேன்னு எத்தனை தடவை சொல்றது? எந்திரிடா!"

"மேம், காது! காது!"

அவனை அறை நடுவுக்கு இழுத்துவந்த பிறகுதான் தான் என்ன செய்தாள் என்பது அவளுக்கே தெரிந்தது. காதை விட்டாள்.

டெல்ஃபா அந்த மாவு மூட்டைத் துணியை நீட்டினாள். "இது உங்க வீட்டுத் துணியா மேம்?"

ஓர்ஃபெலினா அதைப் பார்த்தாள். மறுக்கவில்லை. பிள்ளைகள் உட்காரும் சின்ன நாற்காலி ஒன்றில் மெல்ல உட்கார்ந்தாள்.

"விடிஞ்சதும் வருவேன். யாரும் எந்திரிக்கறதுக்குள்ள."

"மேம், நீங்களா?" ஜெனலினுக்கு நம்ப முடியவில்லை. "என்மேல கோபம்னா சொல்லியிருக்கலாமே! ஊரு முழுக்க என்னை என்னமோ சொல்லுது. நான் தினமும் அழுதுட்டு வீட்டுக்குப் போறேன்."

"உன்மேல கோபமில்லமா. சொன்னா ஏன்னு கேப்பே. ஏன்னு சொன்னா..." அவள் வாசலைப் பார்த்தாள்.

வாசலில் ரெமார் நின்றான். போனைக் காதிலிருந்து எடுத்திருந்தான்.

"அம்மா, வீட்டுக்குப் போலாம்."

"அவங்க குப்பை சேக்கறவங்க இல்ல," என்றாள் டெல்ஃபா, ஜெனலினிடம். "அத்தனை வருஷமும் இங்க அடைச்சு வெச்சது இடத்தை. பிள்ளைங்க மேசை சுவர்கிட்ட போகாம இருக்க. ஒரு பிள்ளையும் அதுல சாயாம இருக்க. வகுப்பை முன்பக்கத்துல நெருக்கிப் பிடிச்சு உக்கார வெச்சாங்க. ஊரு அவங்களைக் கஞ்சம்னு சிரிச்சுது. சிரிக்கட்டும்னு விட்டாங்க. சரியா மேம்?"

ஓர்ஃபெலினா தலையாட்டினாள்.

"ஒரு மழைக்காலத்துல காரை பேந்து விழுந்துச்சு. உள்ள பாத்தேன். பாத்தது யாருன்னா, கட்டினவனோட அம்மா. அன்னைக்கு ராத்திரி இவன் என் மடியில விழுந்து அழுதான். அடுத்த லீவுல இடிச்சுக் கட்டித் தரேன்னான். ஒவ்வொரு லீவுக்கும் இதையே சொன்னான். ஒவ்வொரு லீவுக்கும் பெயிண்ட் கொண்டுவந்தான். நான் பிள்ளைங்களையும் விடக்கூடாது, இவனையும் விட்டுக்குடுக்கக்கூடாது. வேற என்ன செய்வேன்? எரிமலை செய்யச் சொன்னேன். பெரிசு பெரிசா செய்யச் சொன்னேன்."

"அம்மா, போதும்." ரெமாரின் குரல் உயர்ந்தது. "இத்தனை வருஷம் நின்னிருக்கு. ஒண்ணும் ஆகல. இவங்க எங்கேயோ இருந்து வந்து..."

"நின்னுச்சா?" ஓர்ஃபெலினா எழுந்தாள். "ஒருத்தரும் தொடாம பாத்துக்கிட்டேன், அதனால நின்னுச்சு மகனே."

உடைந்த நாற்காலியிலிருந்து தொங்கிய ஒரு இரும்புக் காலைப் பிடுங்கினாள். அலமாரிக்கும் உலக உருண்டைக்கும் நடுவில் கையை விட்டுச் சுவரை ஒரு தட்டு தட்டினாள். ஓங்கி அடிக்கவில்லை. கதவைத் தட்டுவது மாதிரிதான். ஒரு கை அகலத்துக்குக் காரை உதிர்ந்தது. கடற்கரை மணல். மணலோடு பொடிப் பொடிச் சிப்பிகள். உள்ளே கம்பி இருக்க வேண்டிய இடத்தில் பிளந்த மூங்கில் ஒன்று கறுத்து, இற்றுப்போய்த் தெரிந்தது.

ஜெனலின் வாயைப் பொத்திக்கொண்டாள். பாய் விரிக்க அளந்து வைத்திருந்த இடம் அதுதான்.

ரெமார் மூங்கிலைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தான்.

டெல்ஃபாவை வேறு ஒரு சந்தேகம் அரிக்கத் தொடங்கியிருந்தது. சுவரின் நீளத்தை அவள் கண் அளந்தது. இந்தச் சுவர் இந்த அறையோடு முடியவில்லை.

"சார், இந்த வரிசைல இந்த ஒரு ரூம்தான் இப்படியா?"

ரெமார் போனைச் சட்டைப் பையில் திணித்தான்.

"சார்!"

டொக்.

பக்கத்து அறையிலிருந்து வந்தது. டொக், டொக். யாரோ அதே சுவரில் ஆணி அடிக்கிறார்கள். பலகை மாட்டப்போகிறார்கள். வெயில் தாங்காமல் வெளி வேலைக்காரர்களும் நிழலுக்கு அங்கேதான் ஒதுங்கியிருந்தார்கள். பெண்களின் சிரிப்பு கேட்டது, தட்டு உரசும் சத்தம், ஒரு குழந்தையின் சிணுங்கல். டொக். இந்தப் பக்கம் உத்தரத்துக்கு அடியில் ஒரு கோடு பிளந்து தூசி கொட்டியது.

டெல்ஃபா கதவை நோக்கித் திரும்பினாள். அவளுக்கு முன்னால் ரெமார் ஓடிக்கொண்டிருந்தான்.

"வெளிய வாங்க! ஆணி அடிக்காதீங்க! எல்லாரும் வெளிய வாங்க!"

பக்கத்து அறையில் கூட்டம் தட்டும் கையுமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. ஸ்டூல் மேல் நின்ற ஒருவன் சுத்தியலை ஓங்கியபடி திரும்பிப் பார்த்தான். ரெமார் அவனை இடுப்போடு கட்டிப்பிடித்துக் கீழே இறக்கினான். திக்கோய் ஒரு கையில் குழந்தையையும் மறு கையில் அதன் அம்மாவையும் இழுத்துக்கொண்டு வெளியேறினான். "நிகழ்ச்சி முடிஞ்சுது, எல்லாரும் கெளம்புங்க!" என்று தன் வானொலிக் குரலில் கத்தினான். அடுத்த அறைகளுக்கு டெல்ஃபா ஓடினாள். ஜெனலின் கடைசி அறைக்கு ஓடினாள்.

எல்லாரும் திடலுக்கு வந்து சேர்வதற்குள் ஆணி அடித்த இடத்திலிருந்து ஒரு பெரிய காரைப் பலகை பெயர்ந்து, ஆட்கள் சாய்ந்திருந்த இடத்தில் விழுந்து நொறுங்கியது. வாசல் வழியே தூசி புகைபோல வந்தது. சாப்பாட்டுத் தட்டுகள் அதற்கடியில்.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். தலைமை ஆசிரியர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரெமாரிடம் வந்தார்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது? சுவர் விழும்னு யார் சொன்னா?"

ரெமாரின் சட்டை முழுக்க வெள்ளைத் தூசி. டெல்ஃபா அவனைப் பார்த்தாள். இன்னும் அவனுக்கு ஒரு வழி இருந்தது. ஏதோ சத்தம் கேட்டது என்று சொல்லலாம். காப்பாற்றியவன் ஆகிவிடலாம். கூட்டத்தில் யாருக்கும் வேறு எதுவும் தெரியாது.

அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான்.

"யாரும் சொல்லல சார். நான்தானே கட்டினேன். உள்ள கம்பி இல்ல. நான் போடல."

கூட்டம் அவனிடமிருந்து ஓரடி பின்வாங்கியது. அவனைச் சுற்றிக் காலியிடம் உண்டானது. அந்தக் காலியிடத்துக்குள் மேம் ஓர்ஃபெலினா நடந்து வந்தாள். கொண்டை அவிழ்ந்திருந்தது. மகன் பக்கத்தில் நின்று, வகுப்பில் கடைசி வரிசைக்குக் கேட்கப் பேசும் குரலில் சொன்னாள்:

"எனக்கும் தெரியும்."